ஜனநாயகம் இருந்தால் நாடு அமைதியாக இருக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி தேர்தல் சமயத்தில் வராது. எங்காவது பஸ் கொளுத்தப்பட்டால் வரும், சட்டசபையில் மைக் பறந்தால் வரும், பக்கத்து நாட்டு ஜனாதிபதி ராத்திரியோடு ராத்திரியாக விமானம் ஏறினால் வரும். "நமக்கெல்லாம் ஜனநாயகம் சரிப்படாது சார், ஒரு பத்து வருஷம் மிலிட்டரி கையில குடுத்துப் பாக்கணும்" என்று டீக்கடையில் ஒருவர் ஆரம்பிப்பார். கிளாஸைக் கழுவிக்கொண்டே கடைக்காரரும் தலையாட்டுவார்.

பதில்களுக்குப் பாக் நீரிணையின் இரண்டு கரைகளைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல். இரண்டு பக்கமும் வாக்குச்சீட்டு இருந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் மொழிப் பிரச்சினை வெடித்தது. இந்தக் கரையில் தனிநாடு கேட்ட கட்சி முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தது. அந்தக் கரையில் 26 வருடம் போர்.

ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

ஒரு வார்த்தை போதாது. தேர்தல் நடக்கிறது என்பதற்காக நாடு நிலைத்துவிடாது. தோற்றவன் "சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று வீட்டுக்குப் போக ஒரு காரணம் இருந்தால் நிலைக்கும். அந்தக் காரணத்தை வாக்குப்பெட்டியாலேயே பிடுங்கிக்கொண்ட நாடுகளும் உண்டு. கீழே வருவது எல்லாம் இதற்கு விளக்கம்தான். அவசர வேலை இருப்பவர்கள் இதோடு எழுந்து போகலாம்.

போராட்டம், பந்த், மறியல் இல்லாத நாடுகள்தானே நிலையான நாடுகள்?

சத்தமில்லாத வீடு எல்லாம் சந்தோஷமான வீடு என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

இந்தோனேசியாவில் சுகார்த்தோ 32 வருடம் ஆண்டார். வெளியிலிருந்து பார்த்தவர்கள் அந்த நாட்டை நிலைத்தன்மைக்கு உதாரணமாகக் காட்டினார்கள். 1997-இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தது, 1998 மே மாதம் ஜகார்த்தா எரிந்தது, அவர் பதவி விலகினார். சிரியாவில் அப்பாவும் மகனுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் அசாத் குடும்பம். 2011-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் பல லட்சம் உயிர்களைக் குடித்துவிட்டு, 2024 டிசம்பரில் அந்த ஆட்சியையும் கொண்டுபோனது. சோவியத் யூனியன் 1991-இல் கலைந்ததைச் சொல்லவே வேண்டாம்.

சர்வாதிகாரத்தில் விரிசல் வெளியே தெரியாது. தெரியும்போது சுவரோடு வரும். ஜனநாயகத்தில் விரிசல் தினமும் பேப்பரில் வரும். படிக்கிறவர்களுக்கு எரிச்சல்தான், ஆனால் எங்கே பூச வேண்டும் என்று கொத்தனாருக்குத் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் பிரிவினை கேட்ட கட்சி எப்படி ஆட்சிக் கட்சி ஆனது?

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய கதை. 1949-இல் தொடங்கிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் கொள்கை திராவிட நாடு. முதல் பொதுத்தேர்தலில் அது நிற்கவில்லை. 1957-இல் நின்றது, சட்டமன்றத்தில் 15 இடம். 1962-இல் 50 இடம். அந்தத் தேர்தலில் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார், ஆனால் மாநிலங்களவைக்குப் போனார். பிரிவினைக் கோரிக்கையை டெல்லியில், அவையின் நடுவில் நின்று, வாதமாகவே வைக்க முடிந்தது. கேட்டவர்கள் கோபப்பட்டார்கள், குறுக்கிட்டார்கள், பதில் சொன்னார்கள். யாரும் அவரைப் பேசவிடாமல் வெளியே தள்ளவில்லை.

அதே வருடம் அக்டோபரில் சீனப் போர் வந்தது. கட்சி கோரிக்கையை ஒத்திவைத்தது, 1963-இல் கைவிட்டது. "வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும்" என்று அண்ணா சொன்னதாக இன்றைக்கும் மேடைகளில் கேட்கலாம்.

கோரிக்கை போனது, கோபம் போகவில்லை. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஒரே ஆட்சிமொழி ஆகும் என்ற கெடு நெருங்கியபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்திருந்தார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பொள்ளாச்சியில் ராணுவம் இறங்கியது. அந்த ஜனவரியையும் பிப்ரவரியையும் மட்டும் பார்த்த ஒருவர், இந்த மாநிலம் கையை விட்டுப் போகப் போகிறது என்றுதான் எழுதியிருப்பார்.

நடந்தது வேறு. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி பிப்ரவரி 11 அன்று வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று வாக்குறுதி கொடுத்தார். அடுத்த தேர்தலுக்கு இரண்டே வருடம். தெருவில் நின்ற மாணவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது: வீடு வீடாக. 1967-இல் தி.மு.க. 137 இடங்களில் வென்றது. விருதுநகரில் காமராசரை ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். தோற்ற காங்கிரஸ் அரசு சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கியது. இத்தனைக்கும் மாநிலம் முழுக்க வாங்கிய வாக்கில் காங்கிரஸ்தான் மயிரிழை முன்னால்.

பிறகு நடந்ததுதான் என் கண்ணுக்குப் பெரிய விஷயம். இருமொழிக் கொள்கை 1968-இல் வந்தது. 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. பிரிவினை பேசியவர்கள் பட்ஜெட் போட்டார்கள், ரேஷன் அரிசி விலையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். 1976-இலும் 1991-இலும் டெல்லி அந்த ஆட்சியைக் கலைத்தது. இரண்டு முறையும் கட்சிக்காரர்கள் துப்பாக்கி தேடவில்லை, அடுத்த தேர்தலுக்குச் சுவர் பிடித்தார்கள்.

பிரிவினைத் தடைச் சட்டம் போட்டு மிரட்டியதால்தானே அடங்கினார்கள்?

1963-இல் 16ஆவது சட்டத் திருத்தம் வந்தது உண்மை. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று வேட்பாளரே உறுதிமொழி எடுக்க வேண்டும். அது இல்லாமல் தேர்தலில் நிற்க முடியாது.

ஆனால் ஏறக்குறைய இதே சட்டம் இலங்கையிலும் வந்தது. 1983 ஆகஸ்டில், ஜூலைக் கலவரத்தின் புகை அடங்கும் முன்பே, 6ஆவது திருத்தம். தனிநாடு கேட்க மாட்டேன் என்று பாராளுமன்ற உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டும். தனிநாடு கேட்டு வென்றிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி மறுத்தது, இருக்கைகளை இழந்தது. வாக்குக் கேட்டுப் பழகிய ஒரு தலைமுறை சபையை விட்டு வெளியேறியது. களம் ஆயுதம் வைத்திருந்த பையன்களுக்குப் போனது.

ஒரே மருந்து, ஒரு நோயாளி பிழைத்தார், இன்னொருவருக்குக் கடுமையாகிவிட்டது. ஏன்? 1963-இல் அந்த உறுதிமொழியை எடுத்தால் எதிரே தெரிந்தது செயின்ட் ஜார்ஜ் கோட்டை. 1983-இல் எடுத்திருந்தால் எதிரே இருந்தது எதிர்க்கட்சி வரிசையில் அதே பழைய 18 நாற்காலி. சட்டத்தின் வாசகத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

இலங்கையில் இந்தியாவுக்கு முன்பே எல்லோருக்கும் வாக்குரிமை இருந்ததே? அப்படியிருந்தும் ஏன்?

இருந்தது. 1931-லேயே, டொனமூர் அரசியலமைப்பின் கீழ், 21 வயதான ஆண், பெண் இருபாலருக்கும். ஆசியாவில் முதல். சுதந்திரத்துக்குப் பிறகு 1956, 1960, 1965, 1970, 1977 என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. ஆட்சி மாற்றம்தான் நிலைத்தன்மைக்கு அடையாளம் என்றால் இலங்கைக்கு முதல் பரிசு கொடுத்திருக்க வேண்டும்.

தேர்தல் அங்கே எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள், அடுத்த வருடம் வாக்கும் போனது. தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லாமல் போனதும் தெற்கில் எந்தக் கட்சிக்கும் தமிழ் வாக்குக்காக நாக்கை அடக்க வேண்டிய அவசியம் குறைந்தது.

1956 தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் பண்டாரநாயக்க, ஜெயித்தால் 24 மணி நேரத்தில் சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழி என்றார். ஆளுங்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியும் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு களனி மாநாட்டில் தனிச்சிங்களத்துக்கு மாறியது. ஏலத்தில் இரண்டாவதாகக் கை தூக்கியவருக்குச் சரக்கு கிடைக்குமா? அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 8 இடம். "இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு" என்ற பொருளில் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அன்றைக்கே எச்சரித்தார். காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சிக்காரர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள்.

இதற்குப் பிறகும் ஒரு கதவு திறந்தது. 1957 ஜூலையில் பிரதமரான பண்டாரநாயக்கவுக்கும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துக்கும் ஒப்பந்தம்: பிராந்திய சபைகள், காணி, கல்வி ஆகியவற்றில் ஓரளவு அதிகாரம். இப்போது ஐக்கிய தேசியக் கட்சி எதிர்க்கட்சி. ஜே.ஆர். ஜெயவர்தன கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். 1958 ஏப்ரலில் கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் பிரதமர் வீட்டு முன்னால் பிக்குகள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுகிறேன் என்று வாயால் சொன்னது அவர்களுக்குப் போதவில்லை, எழுத்தில் வேண்டும் என்றார்கள். பிரதமர் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் கலவரம். மறு வருடம் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கே அவர் பலியானார்.

1965-இல் அதே நாடகம், நடிகர்கள் இடம் மாறி. இப்போது ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்கவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்கிறார்கள், எதிர்ப்பது பண்டாரநாயக்க கட்சி. மாவட்ட சபை மசோதா 1968-இல் கைவிடப்பட்டது.

தெற்கில் வாக்குக் கேட்டுப் போகும் இரண்டு பெரிய கட்சிகளில் எது ஆட்சியில் இருந்தாலும், மற்றது "தமிழனுக்கு நாட்டை விற்கிறான்" என்று கிளம்பினால் போதும். தமிழர்களோ வடக்கு கிழக்கில் எத்தனை இடம் வென்றாலும் அரசாங்கம் அமைக்க முடியாது. ஒற்றையாட்சி, மாகாணத்துக்கு என்று அன்றைக்கு அதிகாரம் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஜெயிப்பதற்கு என்ன விலை? கொழும்பில் ஒரு நாற்காலி, ஒரு மைக்.

1976-இல் தனிநாடு கேட்கும் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977-இல் தனிநாடு கேட்டு வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கமே எதிர்க்கட்சித் தலைவர் ஆனார், உலகத்திலேயே விநோதமான பதவிகளில் ஒன்று. ஜே.ஆர். கட்சிக்குச் சுமார் 51 சதவீத வாக்கில் 168-க்கு 140 இடம். 1981-இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை ஒட்டி யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1982-இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பு வைத்து, இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளையே நீட்டிக்கொண்டார்கள். 1977-இல் தேர்ந்தெடுத்த சபை 1988 டிசம்பர் வரை ஓடியது. தேர்தலை ஒத்திவைக்கவும் வாக்குப்பெட்டியையே பயன்படுத்திய சாமர்த்தியம் அது.

பெரும்பான்மை சொல்வதுதானே ஜனநாயகம்? சிறுபான்மை ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும்?

இன்றைய பெரும்பான்மை நாளைக்கு மாறும் என்றால் ஏற்றுக்கொள்வார்கள். மின் கட்டணத்தில் தோற்றவன் அடுத்த முறை ஜெயிக்கலாம். பிறந்த மொழியில் தோற்றவன் அடுத்த முறை வேறு மொழியில் பிறந்து வர முடியாது.

அப்படியென்றால் மாநில அதிகாரம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பெரிதும் உதவும். மிசோரத்தைப் பாருங்கள். 1966 மார்ச்சில் மிசோ தேசிய முன்னணி ஆயுதம் தூக்கியது. இந்திய விமானப்படை ஐஸ்வாலின் மேல் குண்டு போட்டது, சொந்த நாட்டு ஊரின் மேல். இருபது வருடக் கெரில்லாப் போருக்குப் பிறகு 1986-இல் ஒப்பந்தம். அந்த முன்னணியின் தலைவர் லால்தெங்கா முதலமைச்சர் ஆனார், 1987-இல் மாநிலத் தகுதி. பின்னால் வந்த தேர்தலில் அவர் கட்சி தோற்றது, எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. அந்தத் தோல்விதான் என்னைப் பொறுத்தவரை ஒப்பந்தம் நிலைத்ததற்குச் சாட்சி. இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் 2005 உடன்பாட்டுக்குப் பிறகு பழைய கிளர்ச்சியாளர் ஒருவர் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆனால் நாற்காலி இருந்தும் எண்ணிக்கையில் நம்பிக்கை போனால் பயனில்லை. 1987 காஷ்மீர் தேர்தலில் முறைகேடு நடந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் ஸ்ரீநகரில் வேட்பாளராக நின்று தோற்றவர்தான் பிறகு சையது சலாவுதீன் என்ற பெயரில் ஹிஸ்புல் முஜாஹிதீன் என்ற ஆயுத இயக்கத்தின் தலைவர் ஆனார்.

எண்ணிக்கை சரியாக இருந்து, முடிவை மதிக்காமல் போனால் அதைவிட மோசம். பாகிஸ்தான் 1970 டிசம்பரில் நடத்தியது நேர்மையான தேர்தல். கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், இருந்த 162 இடங்களில் அவாமி லீக் 160-ஐ வென்றது, மொத்த சபையிலும் அதற்குத்தான் பெரும்பான்மை. சபையையே கூட்டாமல் இழுத்தடித்து, மார்ச்சில் ராணுவத்தை ஏவினார்கள். ஒரே வருடத்தில் பாகிஸ்தான் பாதியானது. தேர்தல் நாட்டை உடைத்தது என்று சொல்பவர்கள் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரைப் பாருங்கள், ஒரே கட்சி, ஒழுங்கு, சுத்தம்…

பார்த்தேன். அங்கேயும் தேர்தல் நடக்கிறது, தமிழ் உட்பட நான்கு ஆட்சிமொழிகள் இருக்கின்றன. பெரும்பான்மைச் சீனர்களின் மொழி மட்டும் போதும் என்று அவர்கள் சட்டம் போடவில்லை. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்ததாமே?

என் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ரயில் நேரத்துக்கு வந்த அதே நாட்டில் பிரதமர் இந்திரா காந்தியின் காதுக்கு எந்தச் செய்தியும் நேரத்துக்குப் போகவில்லை. ஜெயித்துவிடுவோம் என்று நம்பித்தான் 1977-இல் தேர்தலை அறிவித்தார், ரேபரேலியில் அவரே தோற்றார். தோற்றதும் இறங்கினார் என்பதை அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும். மூன்று வருடத்தில் திரும்பியும் வந்தார்.

ஊர் ஒற்றுமையாக இருந்தது, தேர்தல் வந்துதான் வெட்டுக்குத்து என்கிறார்களே?

யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருடம் அங்கே முறையான தலைவர் இல்லை. வேட்புமனு போட ஆள் வர மாட்டார்கள், இல்லையென்றால் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். ஊர் அந்தப் பத்து வருடமும் "அமைதியாக"த்தான் இருந்தது. மேலவளவில் துணிந்து நின்று தலைவரான முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். 2006-இல்தான் அந்த மூன்று ஊர்களிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் தங்கினார்கள்.

ஒருவர் குனிந்தே இருப்பதால் வந்த அமைதியைத் தேர்தல் குலைக்கும்தான். அதைக் குலைக்காத தேர்தல் எனக்கு எதற்கு?

பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிற ஊரில் இதெல்லாம் பேச அர்த்தம் உண்டா?

2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. அசிங்கம்தான். ஆனால் எல்லாக் கட்சியிடமும் வாங்கிக்கொண்டு விருப்பப்பட்டவருக்குப் போடும் வாக்காளரை நானே பார்த்திருக்கிறேன். இதனால் ஆட்சியின் தரம் கெடும். நாடு உடையும் என்று நான் நினைக்கவில்லை.

2022-இல் இலங்கையில் கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்ததே, அதுவா நிலைத்தன்மை?

அந்த வாரத்தில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்திருந்தது. ஜூலை 9 மாளிகை வீழ்ந்தது, 13 ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச மாலைதீவுக்குப் பறந்தார், சிங்கப்பூர் போய் ராஜினாமா அனுப்பினார். 20-ஆம் தேதி பாராளுமன்றம் வாக்கெடுத்து ரணில் விக்கிரமசிங்கவைப் புதிய ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. தெருவில் இருந்த பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் ராணுவம் அரசாங்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல். வென்றவர் அனுர குமார திசாநாயக்க. அவருடைய ஜே.வி.பி. 1971-இலும், 1987 முதல் 89 வரையும் ஆயுதம் தூக்கி, இரண்டு முறையும் இரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்ட கட்சி. முந்தைய ஜனாதிபதித் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 3 சதவீதம். நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அவர் கூட்டணிக்கு 225-இல் 159 இடம், யாழ்ப்பாண மாவட்டத்திலும் 6-க்கு 3. துப்பாக்கியால் இரண்டு முறை கிடைக்காதது வாக்குச்சீட்டில் போட்ட ஒரு குறியில் கிடைத்தது. மாகாணங்களுக்கான அதிகாரம் என்ற பழைய கேள்வி மட்டும் இன்னும் மேசையிலேயே கிடக்கிறது.

அதே 2024-இல் வங்கதேசத்தில் ஜனவரியில் தேர்தல் நடந்தது. பிரதான எதிர்க்கட்சி புறக்கணித்தது, ஆளுங்கட்சி அமோக வெற்றி. ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டுப் போக ஹெலிகாப்டரில் ஏறினார். எதிரே யாரும் இல்லாமல் வாங்கிய வெற்றி ஏழு மாதம் தாங்கியது.

இதையெல்லாம் சாதாரண ஆள் எங்கே நேரில் பார்க்க முடியும்?

வாக்குச்சாவடியில். தேர்தல் பணிக்கு ஒரு முறை போயிருந்தேன், கிராமத்துத் தொடக்கப்பள்ளி, ஒன்றாம் வகுப்பு அறை. விடிவதற்கு முன்பே பூத் ஏஜென்ட்கள் வந்துவிட்டார்கள். மாதிரி வாக்குப்பதிவில் 50 ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, பச்சைத் தாள் முத்திரையில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, எந்திரத்தை மூடினோம். இரண்டு பெரிய கட்சிகளின் ஏஜென்ட்களும் குழந்தைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் முழங்காலை மடக்கி அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஒரு கிழவியின் பெயருக்காகக் கத்திக்கொண்டார்கள். மதியம் ஒருவருக்கு வந்த தக்காளி சாதத்தை மற்றவரும் சாப்பிட்டார்.

மாலையில் க்ளோஸ் பட்டனை அழுத்தியதும் மொத்த எண்ணிக்கை திரையில் வந்தது. 17சி படிவத்தில் எழுதி நீட்டினேன். அந்த ஊரில் தன் கட்சிக்கு வாக்கு இல்லை என்பது ஒருவருக்கு நன்றாகவே தெரியும், முகத்தில் எழுதியிருந்தது. எந்திரத்தின் எண்ணையும் படிவத்தின் எண்ணையும் விரல் வைத்து இரண்டு முறை ஒத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "உள்ளாட்சி எப்ப சார் வரும்?" என்று கேட்டார்.